இரைச்சலைச் சரிசெய்தவன் அக்காவுக்கு எழுதுவது

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து என் அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கீழே வருகிறேன். அங்கே நீயும் அத்தானும் இரண்டளவிலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் இப்போது மடங்குகிறதா? மடங்கினால் அந்தச் சந்தோஷத்தில் ரொம்ப மடக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ காதுக் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுகிறாய். அதை உனக்குப் பொருத்தியவனே நான்தான், அது கழலும்போது என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாதா? கடிதத்தைக் கழற்றிவைக்க முடியாது. அதனால் உங்கள் ஊருக்குத் தினமும் காலையில் வருகிற ரொட்டி வண்டி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருடைய அம்மாவும் என் கடைக்கு வருகிறவர்தான். நல்ல மனுஷன், பிரித்துப் படிக்க மாட்டார். படித்தாலும் அவருக்கு ஒன்றும் புரியப்போவதில்லை, ஏனென்றால் எழுதுகிற எனக்கே புரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் உன் வீட்டில்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீ நடிக்க வேண்டாம், உனக்கு அது சின்ன வயதிலிருந்தே வராது. அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கிட்டாரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. கோபத்தில் போகிறவள் கிட்டாரோடு போயிருந்தால் அது வெறும் கோபம் என்று விட்டிருப்பேன். 'அப்பா என் வாழ்க்கையைக் கெடுத்துட்டார்' என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் எதையும் கெடுக்கவில்லை அக்கா. நான் சரிசெய்தேன். அதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நீ இதை முழுவதும் படித்துவிட்டு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'உங்க அப்பா பண்ணது சரிதான்' என்று நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி, அவளை உடனே அனுப்பி வைக்க வேண்டும். அப்படியே அந்தப் பாட்டுக்குழுவையும் மறந்துவிடச் சொல்.

அந்தக் குழுவைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அதன் பெயர் 'பல்வலி'. ஆமாம், பல்வலிதான். ஒரு குழுவுக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா? 'தென்றல்' என்று வைக்கலாம், 'ஏழு ஸ்வரம்' என்று வைக்கலாம். அவர்கள் மூன்று பேர். என் மகள் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறாள், அதாவது பாடுவதாகச் சொல்கிறாள். 'நெட்டை' என்று ஒரு பையன், ஆள் கதவளவு இருப்பான், நாலு தந்தி உள்ள தடிமனான கிட்டாரில் கீழ்ச் சத்தம் கொடுக்கிறான். 'மொட்டை' என்று ஒரு பெண், டிரம் அடிக்கிறாள். பகலில் என் மகள் கட்டட வரைபட அலுவலகத்தில் நேர்கோடு போடுகிறாள். பகலெல்லாம் இப்படி நேராக இருக்கிறவள் மாலையானால் எப்படி இவ்வளவு கோணலாகிறாள் என்பது என் முதல் குழப்பம். பயிற்சிக்கு இடம் இல்லை என்றார்கள். கடைக்குப் பின்னால் நான் காது சோதிக்கிற அறை இருக்கிறதே, சுவரெல்லாம் பஞ்சு வைத்து, சத்தம் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது என்று விற்றவன் சத்தியம் செய்தானே, அதைக் கடை மூடியதும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே பெரிய மனசு பண்ணிக் கொடுத்தேன். விற்றவன் சத்தியம் பொய் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்குப் புதுக் கருவி பொருத்திக்கொண்டிருந்தேன். பாவம், வருஷக்கணக்கில் எதுவும் கேட்காமல் இருந்தவர். கருவியை முடுக்கிவிட்டு, "இப்ப என்ன கேக்குது, சொல்லுங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே ஆரம்பித்தார்கள். நீதிபதி முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "தம்பி, இது இல்லாமலே நான் நல்லாத்தான் இருந்தேன்" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கோ உள்ளே கொலை நடக்கிறது என்று தோன்றியது. கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிடைத்தது என்னவென்றால், வருகிறவர்களுக்குக் காட்டி விளக்க வைத்திருக்கும் பெரிய பிளாஸ்டிக் காது. அந்தக் காதை ஓங்கியபடி கதவைத் திறந்தால், மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், வியர்த்து ஊற்ற, மகா சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஓங்கிய காதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன். நின்றபிறகுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன. எனக்குத் தெரிந்த வார்த்தைகள்!

அக்கா, எண்பதுகளில் நம் வீட்டு ரேடியோவில் நாள் தவறாமல் ஒரு பாட்டு வருமே. காதலி பேசாமல் இருப்பாள், ஏன் பேசவில்லை என்று அந்த ஆள் கெஞ்சிக் குழைந்து கேட்டுக்கொண்டே இருப்பான், பின்னால் கீபோர்டு மழைத்தூறலாக விழும். நீகூடத் துணி மடித்துக்கொண்டே முணுமுணுப்பாய், நான் கேலி செய்தால் துணியாலேயே அடிப்பாய். அதே பாட்டு. நம் ஆள் அதை உருகி உருகிப் பாடி முடிப்பதற்குள் சோறு வெந்துவிடும். இவர்கள் அரிசி களைவதற்குள் முடித்துவிட்டார்கள். குழைவு இல்லை, தூறல் இல்லை, ஒரே ஓட்டம், ஒரே கத்தல். இது ஒரு வகை இசையாம், 'பங்க்' என்று பெயராம், நம் காலத்துச் சினிமாப் பாட்டு, ஆல்பம் பாட்டு எல்லாவற்றையும் இப்படிப் பிடித்து உலுக்குவதுதான் இவர்களுடைய விசேஷமாம். எனக்குப் புரியாததைப் புரிந்துகொண்டே தீர வேண்டும் என்று கேட்டேன்.

"ஏம்மா, உங்களுக்கு இந்தப் பாட்டு மேல என்ன கோபம்?"

"கோபமா? அப்பா, இது நாங்க இந்தப் பாட்டுக்குக் குடுக்கற மரியாதை."

"மரியாதையா? செத்துப்போனவன எழுப்பி உக்கார வெச்சு அடிக்கற மாதிரி இருக்கு."

"எழுந்துட்டான் இல்ல?"

வீட்டுக்குள் போய் யோசித்தேன். சாப்பிடும்போது மறுபடி கேட்டேன். "ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லு. நீங்க அந்தப் பாட்டைக் கிண்டல் பண்றீங்களா, இல்ல பிரியமா பாடறீங்களா?" அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "ரெண்டும்தான்" என்றாள். ரெண்டும் ஒரே நேரத்தில் எப்படி முடியும் என்று நான் விடவில்லை. அதற்கு என் வீட்டுக்காரி குழம்பை ஊற்றிக்கொண்டே, "நான் இத்தனை வருஷமா உங்ககிட்ட எப்படி இருக்கேனாம்?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கிண்டலா பிரியமா என்று இதுவும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் அதைக் கிளறாமல் விட்டுவிட்டேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை அக்கா, அந்தப் பிள்ளைகளிடம் அன்பாகத்தான் இருந்தேன். மொட்டை என்கிற பெண்ணை முதன்முதலில் பார்த்தபோது என் மனசு கரைந்துவிட்டது. சின்ன வயசு, தலையில் ஒரு முடி இல்லை. என்ன வியாதியோ, எத்தனை சிகிச்சையோ என்று பழம், சத்து மாவு எல்லாம் வாங்கிக் கொடுத்து, தலையைத் தடவி, "தைரியமா இரும்மா, எல்லாம் சரியாயிடும்" என்றேன். அவள் பழத்தை வாங்கிக் கடித்துக்கொண்டு, "என்ன அங்கிள் சரியாகணும்?" என்றாள். அதாவது அவளே சிரைத்துக்கொண்டாளாம், அழகுக்காக. அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் "அங்கிள், இன்னைக்குப் பழம் இல்லையா? ரொம்ப முடியல" என்று கேட்டு வாங்கித் தின்கிறாள். பிறகு சட்டை விவகாரம். என் மகளின் கறுப்பு மேல்சட்டை தாறுமாறாகக் கிழிந்து, கிழிசலெல்லாம் ஊக்கால் குத்தியிருந்தது. பெற்ற மனசு பார்த்துக்கொண்டிருக்குமா? எதிர்க்கடைத் தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரு கிழிசல் விடாமல் தைத்து, ஊக்குகளைக் கழற்றி அந்த இடத்தில் பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தார். பார்த்தால் வங்கி மேலாளர் போட்டுக்கொள்ளலாம். மகள் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். "அப்பா, எதையாவது சரி பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, ப்ளீஸ்" என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது. கேட்டிருக்கலாம். ஆனால் உடைந்த நாற்காலி கிடந்தால் அதனிடம் கேட்டுக்கொண்டா ஆணி அடிக்கிறோம்?

இப்போது சிவப்புப் பெட்டிக்கு வருகிறேன். இங்கே கவனமாகப் படி, அத்தானிடமும் சத்தமாகப் படித்துக் காட்டு. கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் என் மகள் ஒரு சிவப்பு இரும்புப் பெட்டியை வைத்திருந்தாள், காலால் மிதிப்பதற்கு. பழைய சாமான் கடையில் கண்டெடுத்தாளாம். அதை மிதித்தால்தான் கிட்டாரிலிருந்து அந்தக் கரகரப்பு வரும், தகரக் கூரைமேல் சரளைக்கல் கொட்டின மாதிரி. அதற்கு முன்னால் கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது! ஆக, பழுது பெட்டிக்குள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா, நான் வாழ்நாளெல்லாம் செய்கிற வேலையே இதுதானே. கரகரக்கிறது என்று கருவியைக் கொண்டுவருவார்கள், கரகரப்பை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவர்கள் என்னை வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

அடுத்த வாரம் அவர்களுக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி இருந்தது. எண்பதுகளின் பாட்டுகளை மட்டும் பங்க் குழுக்கள் பாடும் நிகழ்ச்சி. ஓர் இசைக் கம்பெனி அம்மாள் நேரில் வந்து கேட்டு, பிடித்த குழுவுக்கு ஒரு முழு ஆல்பமே போட்டுத் தருவார் என்றார்கள். என் மகள் அதற்காகச் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் அலைந்துகொண்டிருந்தாள். அவள் இத்தனை ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் அக்கா, அதனால்தான் செய்தேன். அவள் அலுவலகம் போனதும் பெட்டியைத் திறந்தேன். சத்தத்தின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி கடையில் இருக்கிறதே, அதில் போட்டுப் பார்த்தேன். மேலே ஏறி அழகாக இறங்க வேண்டிய கோடு, தலையும் காலும் வெட்டுப்பட்டு மேஜை மாதிரி தட்டையாக நிற்கிறது. என் தொழிலில் இதற்குப் பெயர் நோய். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அதுல கை வைக்காதீங்க. அவகிட்ட கேட்டுட்டு செய்யுங்க."

"ஆச்சரியம் குடுக்கப்போறேன். ஆச்சரியத்தைக் கேட்டுட்டா செய்வாங்க?"

"அப்ப நான் சொல்லலன்னு அப்புறம் சொல்லாதீங்க."

கெட்ட பாகங்களைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நல்லது வைத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். துடைத்து, மூடி, திரையில் பார்த்தால் கோடு அப்படியே அலை அலையாகப் போகிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்த வாரம் அவர்கள் கிட்டார்களைப் பையில் கட்டிவைத்துவிட்டு மேடை ஏற்பாடுகளுக்கு அலைந்ததால் யாரும் பெட்டியை மிதித்துப் பார்க்கவில்லை. இது என் குற்றமா சொல்.

நிகழ்ச்சி ஒரு பழைய கிடங்கில். நானும் என் வீட்டுக்காரியும் போனோம். வாசலில் நின்று, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் காதை அடைத்துக்கொள்ளும் பஞ்சுக் குமிழ்களைக் கடை விலாசத்தோடு இலவசமாகக் கொடுத்தேன். ஒருவன் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டான். முதலில் வேறு ஒரு குழு பாடியது. கூட்டம் குதிக்கிறது, ஒருவன்மேல் ஒருவன் மோதுகிறான். கண்முன்னால் இரண்டு பேர் முட்டிக்கொண்டதைப் பார்த்து, "தம்பிகளா, வேண்டாம், பேசித் தீத்துக்கலாம்" என்று நடுவில் புகுந்தேன். அவர்கள் என்னைக் கட்டிப்பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். நான் கூட்டத்தின் கைகள்மேலேயே மேடை ஓரம்வரை போய் இறங்கினேன். எதற்காகத் தூக்கினார்கள், எதற்காக இறக்கினார்கள், எதற்கு எல்லோரும் முதுகில் தட்டினார்கள், ஒன்றும் தெரியாது. இவள் தூரத்திலிருந்து கை அசைத்தாள்.

பிறகு பல்வலி வந்தது. என் மகள் ஒலிவாங்கி முன்னால் நின்றாள். அவள் அந்தப் பாட்டை ஆரம்பித்து, காலைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியை ஓங்கி மிதித்தாள். கிட்டார் கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்ட மாதிரி கிண்கிணியென்று ஒலித்தது. அவ்வளவு சுத்தம்! அவள் மறுபடி மிதித்தாள். கிண்கிணி. குதிக்க வந்தவர்கள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். கரகரப்பு போய்விட்டதால் மற்றவர்கள் வாசிப்பதெல்லாம் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. அப்போதுதான் அக்கா, அந்தக் கிடங்கு முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஓர் உண்மை தெரியவந்தது. நெட்டை வேறு பாட்டு வாசித்துக்கொண்டிருந்தான். மொட்டை குச்சியை நிறுத்தினாள்.

"டேய், என்னடா வாசிக்கற?"

"நம்ம பாட்டுதான்."

"நம்ம எந்தப் பாட்டு?"

"எப்பவும் வாசிக்கறதுதான். என்ன புதுசா கேக்கற?"

விஷயம் என்னவென்றால், குழு ஆரம்பித்தபோது என் மகள் அவனுக்குப் பழைய ஒலிநாடா ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். அதில் அந்தப் பாட்டுக்கு அடுத்து இருந்த பாட்டைத்தான் அவன் உட்கார்ந்து கற்றிருக்கிறான். குழு தொடங்கியதிலிருந்து அதையே வாசித்திருக்கிறான். இந்தக் கரகரப்புக்கு அடியில் யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. மொட்டை ஒரு குச்சியை அவன்மேல் எறிந்தாள். அவன் குனிந்தான், ஆனால் அவன் உயரத்துக்குக் குனிந்தும் பட்டது. மேடையிலேயே சண்டை. "முதல் நாள்லேர்ந்து ஏன் யாரும் சொல்லல?" என்று அவன் அழ, "கேட்டாத்தானே சொல்ல!" என்று அவள் கத்த, கம்பெனி அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் மகள் பெட்டியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் கைதட்டிக்கொண்டிருந்தான். நான்தான். "இப்பத்தான்மா நல்லா இருக்கு!" என்று கத்திக்கூடச் சொன்னேன்.

அவள் இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "அப்பா, பெட்டியத் தொறந்தீங்களா?" என்றாள். "பழுது பார்த்தேன்மா" என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. மறுநாள் பையோடு போய்விட்டாள். குழு கலைந்துவிட்டது என்று என் வீட்டுக்காரி சொன்னாள். நிகழ்ச்சியன்று கிடங்கை விட்டு வெளியே வரும்போது மூக்கில் வளையம் போட்ட ஒரு பையன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சார், இன்னைக்கு உங்க பொண்ணு பண்ணதுதான் உண்மையான பங்க்" என்றான். அதுவும் எனக்குப் புரியவில்லை. நல்லதைச் செய்தால் மகள் வீட்டை விட்டுப் போகிறாள், எல்லாம் பாழாய்ப் போனால் ஊரான் கைகுலுக்குகிறான்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பழுதைத் திரும்ப வைத்துவிட்டால் அவள் வருவாள் என்று முயற்சி செய்தேன். பிடுங்கிப் போட்ட பாகங்கள் குப்பை வண்டியில் போய்விட்டன. வேறு வைத்தேன், தளர்வாக வைத்தேன், தலைகீழாக வைத்தேன். ஒன்று, கிண்கிணி என்கிறது, இல்லையென்றால் ஊமையாகிவிடுகிறது. சரிசெய்வது ஒரு வேலையே இல்லை. கெட்டது ஒன்றை அது கெட்டிருந்தபடியே கெடுத்து வைப்பது இருக்கிறதே, அது எனக்குக் கைவரவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்கள் முன்பு பதிவு செய்து வைத்திருந்த அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். கடை மூடியபின் தினமும் கேட்கிறேன். கரகரப்பின் அளவைப் பிடிப்பதற்குத்தான் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நம் காலத்து ஆள் 'ஏன் பேசவில்லை' என்று கேட்டது, காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்ட மாதிரி. பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. என் மகள் கேட்பது அப்படியில்லை. தொண்டை கிழியக் கேட்கிறாள், பதில் தெரியாவிட்டால் செத்துப்போவேன் என்கிற மாதிரி கேட்கிறாள். இப்போது நான் அவளிடம் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான். மெதுவாகக் கேட்டால் அவளுக்குக் கேட்காது போலிருக்கிறது. அவள் இல்லாமல் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது அக்கா. நான் அமைதியை விற்றுப் பிழைக்கிறவன், எனக்கே பிடிக்கவில்லை.

ஆகவே மறுபடி சொல்கிறேன். அவளை உடனே அனுப்பு. நான் செய்தது சரி என்று எடுத்துச் சொல். கலைந்த குழு கலைந்ததாகவே இருக்கட்டும் என்றும் சொல். உனக்கும் அத்தானுக்கும் நோய் நொடியில்லாத நாட்களும், மடங்குகிற முழங்கால்களும், இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் சக்தியும் கிடைக்கட்டும். மிச்சம் இருந்தால் அதில் கொஞ்சம் எனக்கும் வரட்டும். உன் கருவியின் பேட்டரியை மாற்ற மறந்துவிடாதே.

தலைகால் புரியாமல்,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்யாதே. திரும்ப எழுதக் கை வலிப்பதால் அப்படியே அனுப்புகிறேன், நீ படித்தும் படிக்காத மாதிரி இரு. கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரி பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டுப் பெட்டி எங்கே என்று கேட்டாள். கொடுத்தேன். அதை ஒரு நிமிஷம் கையில் எடை பார்த்துவிட்டு ஓங்கிச் சுவரில் அடித்தாள். "உடைக்கணும்னா உடைக்கணும். டாக்டர் மாதிரி உடைச்சா எப்படிங்க உடையும்?" என்றாள். பிறகு கிட்டாரை அதே பெட்டியில் மாட்டி, "தட்டுங்க" என்றாள். எனக்கு வாசிக்கவா தெரியும்? ஒரே ஒரு தந்தியைத் தட்டினேன். வந்தது பார் ஒரு சத்தம், பழைய கரகரப்புக்குத் தாத்தா! பயந்துபோய் மறுபடி தட்டினேன். நன்றாக இருந்தது. மறுபடியும் தட்டினேன். திரும்பிப் பார்த்தால் இவள் போனை எனக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறாள். தினமும் மகளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாளாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்!

"அம்மா, யாரு அது வாசிக்கறது?"

"வேற யாரு, உங்க அப்பாதான்."

போனில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு சத்தம். இத்தனை வருஷம் காது வேலை பார்த்தும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. அவள் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. குழு உன் வீட்டிலேயே திரும்பக் கூடிவிட்டதாம். நெட்டை சரியான பாட்டைக் கற்றுக்கொண்டு வந்தானாம், அது சகிக்கவில்லையாம், பழையபடி தப்பாகவே வாசிக்கச் சொல்லிவிட்டார்களாம். "அப்பாகிட்ட சொல்லும்மா, அந்தப் பெட்டியத் தொடக் கூடாது. சனிக்கிழமை வரேன். அதுவரைக்கும் வீட்ல ஒண்ணையும், ஒண்ணையுமே, சரி பண்ணக் கூடாது" என்று வைத்துவிட்டாள். என்னிடம் நேராக இன்னும் பேசவில்லை, அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். தெருக்கதவின் கீல் இப்போது புதிதாகக் கிறீச்சிட ஆரம்பித்திருக்கிறது. அவள் ஒருவேளை முன்னாலேயே வந்துவிட்டாளோ என்று நான் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் தெருவே திரும்பிப் பார்க்கிறது. அதற்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா என்று அவளிடம் கேட்டு, ரொட்டி வண்டிக்காரரிடம் பதில் சொல்லி அனுப்பு.